தோட்டத்துக் கதையில் இன்னும் புதிதாக என்ன மிச்சம்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 4.2.2023

"லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், கங்காணி, கள்ளுக்கடை, பிறகு ரப்பர் தோட்டத் துண்டாடல், பட்டணத்துப் புறம்போக்கு. மலேசியத் தமிழில் எந்தச் சிறுகதைத் தொகுப்பைத் திறந்தாலும் இதே பாதையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அசலான சரக்கு தீர்ந்துவிட்டதை ஒப்புக்கொள்ளாமல், சொந்தக் காசைப் போட்டு அதையே மறுபடியும் நூலாக்குவது யாருக்காக? சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதும் ஆசிரியை பதில் சொல்ல வேண்டும். அவருடைய தொகுப்பையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்."

4.2.2023, இரவு

என் தொகுப்பையும் சேர்த்துக் கேட்டிருப்பதால் முதலில் கணக்கை வைத்துவிடுகிறேன். 2014ஆம் ஆண்டில் 500 பிரதிகள் அச்சிட்டேன். அவற்றுள் 137 பிரதிகள் கரையானுக்குப் பயந்து நெகிழிப் பைகளில் கட்டப்பட்டு, இன்றும் என் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதிகளை அனுப்பினேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டாவது என் நூலைப் பத்திரமாக வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு என்று எண்ணிக்கொள்வேன். ஆகவே 'யாருக்காக' என்ற கேள்வியை அந்தக் கீழ்த்தட்டைத் திறக்கும்போதெல்லாம் நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அசல் சரக்கு தீர்ந்துவிட்டது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. தொல்காப்பியம் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பிரிக்கிறது. முதல்நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலை அது இழிவாகச் சொல்லவில்லை. தொகுத்தல், விரித்தல், தொகுத்து விரித்தல், மொழிபெயர்த்தல் என்று அதற்கு நான்கு வழிகளையும் வகுத்துத் தருகிறது. தமக்கு முன் வடமொழியில் இராமன் கதையைச் செய்தவர் மூவர் என்றும், அவர்களுள் முந்தியவரின் உரையை ஒட்டியே தாம் பாடுவதாகவும் கம்பர் பாயிரத்திலேயே சொல்லிவிடுகிறார். ஏற்கெனவே கேட்ட கதைதானே என்று அவருடைய காவியத்தை மூடி வைத்தவர்கள் யாரும் இல்லை. கதைப்பொருள் பழையதாக இருப்பது தமிழில் ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை.

5.2.2023

நேற்று எழுதியதில் பிழை. தொல்காப்பிய மரபியல் சொல்வது முதல், வழி என்ற இரண்டைத்தான். சார்பு நூலையும் சேர்த்து மூன்றாக்கியது நன்னூல். முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் இந்த இடத்தில் சறுக்கியிருக்கக் கூடாது. சுட்டிக்காட்டியவர் என் பழைய மாணவர் என்பதால் வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கிறது.

இன்னொன்றும் தோன்றியது. 'அசல்' என்று நாம் பெருமையாகச் சொல்லும் சொல்லே அரபியிலிருந்து வந்தது. மலாய்க்காரர்களிடமும் அதே சொல் இருக்கிறது. எங்கள் ஊருக்குக் கிழக்கே காட்டை ஒட்டி வாழும் ஓராங் அஸ்லி மக்களின் பெயரிலுள்ள 'அஸ்லி'யும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழில் அது வட்டிக்கடைக்குப் போய், திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் தொகை என்று பொருள்பட்டு நிற்கிறது. 'முதல்' என்ற தூய தமிழ்ச் சொல்லும் வியாபாரத்தில் போட்ட பணத்தைத்தான் குறிக்கிறது. எழுத்தில் அசலைத் தேடுகிறவர்கள் யாரிடம் வாங்கிய அசல் என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

7.2.2023

மலேசியாவில் முதல்நூல் எழுதிய ஒருவரையாவது காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முதல்நூல் எழுதியவரை எனக்குத் தெரியாது. முதல் நூல் வாங்கியவரைத் தெரியும். என் வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையுமாக மேடையேறி முதல் பிரதியைப் பெற்றுக்கொண்ட, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் உறையில் வைத்துக் கொடுத்த தொகையில்தான் அச்சகக் கடனில் பாதி அடைந்தது. நூலை அவர் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பிரதியும் கீழ்த்தட்டில் உள்ள 137இல் ஒன்று.

11.2.2023

"பழைய பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் திருட்டு என்பது எது?" என்ற கேள்விக்கு என் சொந்த அனுபவத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும்வரை, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக மாதிரிக் கட்டுரைகள் எழுதித் தருவது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் இரவு வேலையாக இருந்தது. அப்படி ஒருமுறை 'நான் ஒரு ரப்பர் மரம்' என்று ஒரு தன்கதை எழுதினேன். தலைப்பில் புதுமை ஒன்றும் இல்லை. 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு பள்ளிப்பை' என்பனவற்றின் உடன்பிறப்புதான் அது. ஆனால் அந்த மரத்தின் அடியில் படுத்துக்கொண்டு, பால் எடுக்க வருகிறவர்களை எல்லாம் விட்டுவிட்டுக் தோட்டத்து எழுத்தரான கிராணியின் சைக்கிளை மட்டும் பார்த்துக் குரைக்கும் நாய் ஒன்றை எழுதியிருந்தேன். அதன் பெயர் மணியன். எங்கள் லயத்தில் உண்மையிலேயே அப்படி ஒரு நாய் இருந்தது. கிராணி சம்பளத்தில் கைவைத்ததனால்தான் அது குரைக்கிறது என்று பெரியவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பயிற்சி நூல் ஒன்றைக் கடையில் புரட்டியபோது, அதே மரத்தடியில் அதே மணியன் படுத்திருந்தான். ஒரு சொல்கூட மாறவில்லை. நான் தவறாக இட்டிருந்த ஒற்றெழுத்துகூட அப்படியே இருந்தது. அட்டையில் வேறொருவரின் பெயர் இருந்தது. பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது, "ரப்பர் மரம் உங்களுக்கு மட்டும் சொந்தமா, டீச்சர்?" என்று கேட்டார்கள். மரம் எனக்குச் சொந்தமில்லை என்பது உண்மை. நாய்?

சட்டமும் ஏறத்தாழ அந்த நாயைத்தான் கேட்கிறது. நம்முடைய 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கருத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது; எழுதப்பட்ட படைப்பு அசல் தன்மை பெறும் அளவுக்குப் போதிய உழைப்பு அதில் செலவிடப்பட்டிருந்தால் பாதுகாப்பு உண்டு என்கிறது. எங்கும் இல்லாத புதுமையை அது கேட்கவில்லை. 1916இல் இலண்டனில் கணிதத் தேர்வு வினாத்தாள்களைப் பற்றி நடந்த வழக்கிலும் இதுவே தீர்ப்பு: வினாக்கள் எல்லாருக்கும் தெரிந்த கணிதத்தைப் பற்றியவைதாம், ஆனால் அவற்றை அமைத்தவர் பிறரைப் பார்த்து எழுதாமல் தாமே அமைத்ததால் அவை அசலானவை. ஆகவே ஆயிரம் பேர் ஆயிரம் ரப்பர் மரங்களை எழுதலாம், ஆயிரமும் அசலாக இருக்கலாம். நான் வழக்குக்குப் போகவில்லை. வழக்கறிஞர் கட்டணத்தைக் கேட்டபோது மணியனை மன்னித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வேறொரு பள்ளியின் சோதனைத் தாள்களைத் திருத்த நேர்ந்தபோது, ஏழு மாணவர்களின் கட்டுரைகளில் மணியன் குரைத்தான். ஒரு பிள்ளை 'நான் ஒரு கணினி' என்ற கட்டுரையிலும் அவனைக் கொண்டுவந்து, கணினி மேசைக்கு அடியில் படுக்க வைத்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் இரண்டு புள்ளிகள் கூடுதலாகப் போட்டேன்.

13.2.2023

மனனம் செய்து எழுதச் சொல்லிக் கொடுத்ததே உங்களைப் போன்ற ஆசிரியர்கள்தானே, பிறகு பதிப்பகத்தாரின் மேல் என்ன கோபம் என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். மறுக்க முடியவில்லை. முன்னுரைக்கு மூன்று, முடிவுரைக்கு மூன்று என்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, எந்தத் தலைப்பு வந்தாலும் இவற்றைப் பொருத்திவிடுங்கள் என்று சொன்னவள் நான். புள்ளிகள் வந்தன. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவராவது தம் வீட்டு நாயை எழுதினார்களா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

பார்த்து எழுதிப் பழகுவதே தவறு என்று சொல்ல மாட்டேன். 1950-51இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். சிறுகதை எழுதுவதைப் பாடமாகக் கற்பிக்க முடியும் என்ற நம்பிக்கை இந்த நாட்டுத் தமிழில் அவ்வளவு பழையது. பயிற்சிக்கு ஒரு முன்மாதிரி வேண்டும். எங்கள் தவறு முன்மாதிரியைக் கொடுத்ததில் இல்லை, அதிலிருந்து வெளியே வரும் வழியைக் காட்டாமல் விட்டதில் இருக்கிறது.

18.2.2023

கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் விதைக்கப்பட்டன; முளைத்தவற்றுள் 22 நாற்றுகள் அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன; அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்பதாகக் காட்டுகிறார்கள். நாங்கள் வளர்ந்த காலத்துத் தோட்டங்களில் அப்படிப்பட்ட விதை மரங்கள் குறைவு. நன்றாகப் பால் தரும் ஒரு மரத்தின் மொட்டை எடுத்து நாற்றில் ஒட்டுக்கட்டி வளர்த்த மரங்களே வரிசை வரிசையாக நின்றன. ஒரு நிரையில் நின்று பார்த்தால் ஒரே மரத்தைக் கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்துப் பார்ப்பது போலிருக்கும்.

தோட்டத்துக் கதைகள் எல்லாம் ஒன்றாகத் தெரிவதாகச் சொல்லும் தம்பி இந்த நிரையின் முனையில்தான் நிற்கிறார் என்று நினைக்கிறேன். என் அப்பா முப்பது ஆண்டுகள் மரம் சீவியவர். எந்த மரத்தின் பட்டையைப் பார்த்தாலும் இது இன்னாருடைய கை என்று சொல்லிவிடுவார். ஒருவர் அவசரக்காரர், அவருடைய உளி ஆழமாகப் போய் மரத்தைக் காயப்படுத்தியிருக்கும், ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். இன்னொருவர் பயந்தவர், பட்டையை மேலாகச் சீவிவிட்டுப் போயிருப்பார், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் குறைவாக இறங்கியிருக்கும். அந்தியிலே குடித்துவிட்டு விடியலில் வந்தவருடைய கோடு நேராக இருக்காது. மரம் ஒன்று, கோட்டின் சரிவு ஒன்று, உளியும் ஒரே கடையில் வாங்கியது. கை மட்டும் வேறு. எழுத்தில் அசல் என்பது அந்தக் கை என்றே இவ்வளவு காலமாக நம்பி வந்திருக்கிறேன். என் தொகுப்பில் மக்கள் அதிகம் மேற்கோள் காட்டும் வரியும் இதைப் பற்றியதுதான்: "மரத்துக்கு நம் முகம் தெரியாது, நம் உளிதான் தெரியும்."

19.2.2023

சிறுதோட்டம் வைத்திருக்கும் ஒருவர் என் உவமையைப் பிரித்துப் போட்டுவிட்டார். ஒட்டுமரத்தில் மேலே தெரிவது அத்தனையும் ஒரே தாய்மரம். ஆனால் அடியில் இருக்கும் நாற்று ஒவ்வொன்றும் வெவ்வேறு விதையில் முளைத்தது. மரத்துக்கு மரம் மாறுவது வேர் ஒன்றுதான், அது கண்ணுக்குத் தெரியாது, அதை யாரும் கேட்பதும் இல்லை என்கிறார்.

நான் பேசியது சீவுகிறவரின் கையைப் பற்றி, அவர் பேசுவது மரத்தைப் பற்றி என்று வாதிட்டுத் தப்பிக்கலாம். அந்த வேர்ப் பேச்சு வந்த பிறகு நேற்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

26.2.2023

நாயைத் திருடிவிட்டார்கள் என்று 11ஆம் தேதி எழுதியதை மறுபடியும் வாசித்தேன். அவ்வளவு கோபம் கொண்டவள் சொல்லியிருக்க வேண்டிய இன்னொரு செய்தியைச் சொல்லவில்லை.

என் தொகுப்பின் முதல் கதை பரிசு பெற்றது. கணவன் இறந்த பிறகு லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, தன் நிரையோடு அவனுடைய நிரையையும் இருட்டிலேயே சீவி முடிக்கும் ஒரு பெண்ணின் கதை அது. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும் என்பது அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, மூன்றாம் லயத்துப் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னது. நெற்றி விளக்கைத் துணியால் பாதி மூடிக்கொண்டு போவதும், இரண்டு நிரைப் பாலையும் ஒரே வாளியில் ஊற்றாமல் நிறுவையில் மாட்டிக்கொள்ளாதபடி பிரித்து வைப்பதும் அவர் சொன்னவைதாம். பரிசுக் குழுவினர் மேடையில் தனியாக எடுத்துப் பாராட்டிய உளி வரியும் பாட்டியின் வாயிலிருந்து வந்ததே. அன்று கைதட்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுந்து சொல்லவில்லை. நூலின் நன்றியுரையில் அச்சகத்துக்கும், அட்டைப்பட ஓவியருக்கும், டத்தோவுக்கும் நன்றி இருக்கிறது. பாட்டிக்கு இல்லை.

சட்டம் என் பக்கம்தான். நம் சட்டத்தின்படி படைப்பு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வேறு விதத்திலோ வடிவம் பெற்றிருக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. 1900ஆம் ஆண்டில் ரோஸ்பெரி பிரபுவின் மேடைப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்த இலண்டன் 'டைம்ஸ்' நிருபர்களே அந்த அறிக்கைகளின் ஆசிரியர்கள் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருக்கிறது. பேசிய பிரபுவுக்கே அந்த நிலைமை என்றால், சம்பளப் புத்தகத்தில் பெருவிரலை உருட்டிய பாட்டிக்கு என்ன இருக்கும்? நான் இறந்து 50 ஆண்டுகள்வரை அந்தக் கதை என் வாரிசுகளுக்குச் சொந்தம்.

மணிமேகலையில் சாத்தனார் திருக்குறள் ஒன்றை ஏறக்குறைய முழுமையாக எடுத்தாளும்போது, இது பொய்யில் புலவனுடைய பொருளுரை என்று அடுத்த அடியிலேயே சொல்லிவிடுகிறார். அவரிடம் அப்போது யாரும் உரிமை ஆவணம் கேட்டிருக்க மாட்டார்கள். வகுப்பில் அந்த இடத்தை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன்.

27.2.2023

ஆறுதல் சொல்ல வேண்டாம். 'எல்லா எழுத்தாளர்களும் அப்படித்தான்' என்பது பயிற்சி நூல் பதிப்பகத்தாரும் சொல்லக்கூடிய பதில்தான்.

5.3.2023

பாட்டி இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய மகள் ஊருக்கு வெளியே மலிவுவிலை வீடொன்றில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நேற்று போனேன். தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. கோப்பி கொடுத்தார். மறுபதிப்பு வந்தால் அம்மாவின் பெயரைப் போட விரும்புகிறேன் என்று நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையை ஆட்டினார்.

"பேரெல்லாம் எதுக்கு டீச்சர்? அது எங்கம்மா கதையே இல்ல. மேல் தோட்டத்துல இருந்தப்போ யாரோ ஒரு அக்கா சொன்னதாத்தான் அம்மா சொல்லும். அந்த அக்காவும் யாருகிட்ட கேட்டுச்சோ."

என் நூலை அவர் வாசித்ததில்லை. அந்தக் கதையை நானே வாசித்துக் காட்டினேன். உளி வரி வந்தபோது அவர் சிரித்துவிட்டார்.

"அம்மா அப்படிச் சொல்லாதே! 'மரத்துக்கு நம்ம மொகம் தெரியும், தொரைக்குத்தான் தெரியாது'ன்னுல்ல சொல்லும்."

வீடு திரும்பும்வரை வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதில் தவறாகக் கேட்டேனா, அல்லது எழுத உட்கார்ந்தபோது கதைக்கு வேண்டிய சோகத்துக்கு ஏற்றபடி என் கை அதை மாற்றிக்கொண்டதா என்று எனக்கே தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், அந்தக் கதை முழுவதிலும் நான் மட்டுமே செய்தது என்று சொல்லத்தக்கது அந்தப் பிழைதான். பரிசும் அதற்குத்தான் கிடைத்தது. பாட்டியின் வரி என்னுடையதைவிட நல்ல வரி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் வரியில் களைப்பு மட்டும் இருக்கிறது. அவருடைய வரியில் துரையைப் பார்த்து ஒரு நக்கலும், மரத்தோடு ஓர் உறவும் இருக்கின்றன.

முதலில் கேள்வி கேட்ட தம்பிக்கு: 18ஆம் தேதி நிரை, கை, உளி என்று பெரிதாக விளக்கியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தோட்டத்துக் கதைகள் ஒன்றுபோல இருப்பதாக நீங்கள் சொன்னது சரி. சரக்கு தீர்ந்ததால் அப்படி ஆகவில்லை. தொழிலாளி என்றால் இப்படித்தான் அழுவாள் என்று முன்பே முடிவு செய்துகொண்டு கேட்டதால், பாட்டியின் சிரிப்பு என் காதில் விழவில்லை. மற்றவர்களின் கதைகளில் என்ன நடந்தது என்று நான் சொல்ல முடியாது. என் கதையில் நடந்தது இதுதான்.

11.3.2023

மறுபதிப்புக்குக் காசு இல்லை. கையிலுள்ள 137 பிரதிகளிலும் அந்த வரியை அடித்துவிட்டு, பாட்டியின் வரியை ஓரத்தில் எழுதி, 'மூன்றாம் லயத்தில் கேட்டது' என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மகள் வேண்டாம் என்றதால் பெயர் எழுதவில்லை. டத்தோ நாற்காலியில் விட்டுப்போன பிரதியில் தொடங்கினேன். இன்றுவரை 22 முடிந்திருக்கின்றன, விரல் வலிக்கிறது. தேசிய நூலகத்தில் இருக்கும் ஐந்தையும் என்ன செய்வது என்று தெரியவில்லை.